புதுப்பிப்பு: தேக்கைக் கருக்கிய ரூட்டர் பிட்
கும்பகோணத்தில் ரூட்டர் (மரத்தைச் சீவி வடிவம் கொடுக்கும் மெஷின்) வைத்துத் தேக்குக் கதவின் ஓரத்தை உருண்டையாக்கும்போது மரம் கருகுகிறது, அதில் மாட்டும் வெட்டுமுனையான பிட் எதை வாங்கலாம் என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன அண்ணன்மாருக்கு நன்றி.

கை கொடுத்தது கார்பைடு (எஃகைவிடக் கடினமான வெட்டுப் பொருள்) பிட் வாங்கும் யோசனைதான். தேக்கில் மணல் போன்ற சிலிக்கா இருப்பதால் ஹெச்.எஸ்.எஸ். (ஹைஸ்பீடு ஸ்டீல்) பிட் சீக்கிரம் மழுங்கிவிடுகிறது. மலிவான செட்டை விட்டுவிட்டு, பேரிங் (மர ஓரத்தை ஒட்டி உருளும் சிறு சக்கரம்) வைத்த பிட் ஒன்றே ஒன்று, கார்பைடு பட்டை தடிமனாக, பற்றவைத்த இடத்தில் இடைவெளி இல்லாததாகப் பார்த்து வாங்கினேன். ஆழத்தையும் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் இறக்கினேன். கருகல் இல்லை, உப்புத்தாள் வேலையும் பாதியாகிவிட்டது.

எதிர்பாராத ஒன்று: கடையில் முதலில் நீட்டியது 6 மி.மீ. தண்டு. என் மெஷினில் பிட்டின் தண்டைப் பிடிக்கும் காலெட்டோ கால் அங்குலம், அதாவது 6.35 மி.மீ. பார்வைக்கு ஒன்றுதான், இறுக்கினாலும் ஓட்டத்தில் வழுக்கும், ஆபத்து. அளவைக் கேட்டே வாங்குங்கள். அப்புறம், பேரிங்கில் பிசின் ஏறிச் சுற்றாமல் நின்றாலும் ஓரம் கருகும்.