ஆர்டபிள்யூ டிஸ்க் வைத்து ட்ரைவைச் சோதித்த அனுபவம்

ஒரே தடவை மட்டும் எழுதக்கூடிய சாதாரண ஆர் டிஸ்க்கில் (சிடி-ஆர், டிவிடி-ஆர்) ஒரு குறையும் இல்லாமல் எழுதுகிற சிடி/டிவிடி ட்ரைவ், அழித்துத் திரும்ப எழுதக்கூடிய ஆர்டபிள்யூ போட்டவுடன் திணறுவதை நிறையப் பார்த்திருக்கிறேன். அதனால் பழைய ட்ரைவ் எது கைக்கு வந்தாலும் முதலில் ஆர்டபிள்யூவைத்தான் உள்ளே தள்ளுவேன்.

காரணம் டிஸ்க்கிலேயே இருக்கிறது. ஆர் டிஸ்க்கில் இருப்பது சாயம். லேசர் பட்ட இடம் ஒரே தடவையில் மாறிவிடும், அத்தோடு சரி. ஆர்டபிள்யூவில் பெரும்பாலும் வெள்ளி, இண்டியம், ஆன்டிமனி, டெல்லூரியம் சேர்ந்த கலவை. லேசர் அதை உருக்கி, உருகியது சட்டென்று ஆறினால் அந்த இடம் மங்கும். உருகாத அளவுக்குச் சூடு காட்டினால் பழையபடி படிகமாகிப் பளபளக்கும். ஆக, எழுத ஒரு சூடு, அழிக்க ஒரு சூடு. இரண்டுமே கச்சிதமாக அமையாவிட்டால் பழைய குறி மிச்சம் நின்று புதியதைக் கெடுக்கும். போதாததற்கு, தொழிற்சாலையில் அச்சடித்த சிடி வெளிச்சத்தில் 70 சதவீதம்போலத் திருப்பி அனுப்பும் இடத்தில், சிடி-ஆர்டபிள்யூ 15 முதல் 25 சதவீதம்தான் அனுப்பும். லேசர் களைத்துப்போன ட்ரைவ் இங்கேதான் மாட்டிக்கொள்ளும்.

சோதிக்கும்போது நான் விடாப்பிடியாக இருப்பது ஒரு விஷயத்தில்: ஒவ்வொரு சுற்றுக்கும் வேறு டேட்டா. ஒரே ஃபைலைத் திரும்பத் திரும்ப எழுதினால், படிப்பது இப்போது எழுதியதா, போன தடவை எழுதியதா என்று சொல்லவே முடியாது. ரேண்டம் டேட்டாவில் டிஸ்க் நிறையும் அளவுக்கு ஃபைல் உருவாக்கி, செக்சம்மை (ஃபைலின் டேட்டாவிலிருந்து கணக்கிடும் சரிபார்ப்பு எண்) குறித்துக்கொண்டு எழுதுவேன். எழுதி முடித்ததும் டிஸ்க்கை வெளியே எடுத்துத் திரும்பப் போட்ட பிறகுதான் சரிபார்ப்பேன். இல்லையென்றால் சிஸ்டம் தன் மெமரியில் இருப்பதையே எடுத்துக் கொடுத்துவிட வாய்ப்பு உண்டு. டிவிடி ப்ளஸ் ஆர்டபிள்யூவில் இன்னும் ஒன்று: ஃபைல் சிறியதாக இருந்து, டிஸ்க்கை முழுதாகப் படித்தால், பின்னால் கிடக்கும் பழைய டேட்டாவும் சேர்ந்து வந்து செக்சம் பொருந்தாது. எழுதிய பைட் அளவுக்கு மட்டும் படிக்க வேண்டும்.

அண்மையில் சோதித்த ஒரு ட்ரைவ் இதையெல்லாம் தாண்டிவிட்டது. 4எக்ஸில் (அடிப்படை வேகத்தைப் போல நான்கு மடங்கு) முழு டிவிடி ப்ளஸ் ஆர்டபிள்யூ டிஸ்க்கையும் கால் மணி நேரத்தில் எழுதி, தானே படித்து, செக்சம்மும் சரியாகக் கொடுத்தது. அதே டிஸ்க்கை வேறு ட்ரைவில் போட்டேன். முக்கால் பகுதி வரை மளமளவென்று போனது. அப்புறம் மோட்டார் சத்தம் தாழ்ந்து, ஏறி, மறுபடி தாழ்ந்தது. கடைசி ஓரத்தில் ரீட் எரர். 4எக்ஸில் எழுதும்போது டேட்டா டிஸ்க் முழுக்க ஒரே வேகத்தில்தான் இறங்குகிறது. படிக்கும்போதோ வெளிவிளிம்பில்தான் வேகம் அதிகம், டிஸ்க்கின் லேசான வளைவும் அங்கேதான் அதிகம் தெரியும். எழுதிய ட்ரைவ் தன் கோணல் தனக்குப் பழகியதால் படித்துவிட்டது, அடுத்ததால் முடியவில்லை. வேகத்தை 2.4எக்ஸுக்கு இறக்கி எழுதியபோது இரண்டு ட்ரைவும் ஒழுங்காகப் படித்தன. ஆகவே இரண்டாவது ட்ரைவ் இல்லாமல் நான் சோதனையே செய்வதில்லை.

எரர் எண்ணிக்கை காட்டும் சாப்ட்வேரும் உண்டு. டிவிடியில் அடுத்தடுத்த 8 பிளாக்குகளில் (பிழை திருத்தத்துக்காகப் பிரித்த டேட்டாத் துண்டுகள்) பிஐ எரர், அதாவது திருத்தத்தின் முதல் கட்டத்தில் பிடிபடும் பிழை, 280ஐத் தாண்டக் கூடாது என்பது வரம்பு. ஆனால் ஒவ்வொரு ட்ரைவும் ஒவ்வொரு மாதிரி எண்ணும், சிலது எண்ணிக்கையே தராது. ஒரே ட்ரைவில் எடுத்த எண்களை மட்டும் ஒப்பிட்டுப் பாருங்கள்.

டிஸ்க்கை ஏற்கவே மறுத்தால் உடனே ட்ரைவைக் குறை சொல்ல வேண்டாம். சிடி-ஆர்டபிள்யூவில் ஹைஸ்பீட், அல்ட்ராஸ்பீட் என்று வகைகள் உண்டு. ஆரம்பகால 4எக்ஸ் ரைட்டரால் அவற்றில் எழுத முடியாது. க்விக் எரேஸையும் சோதனையாகக் கணக்கில் எடுக்காதீர்கள். டிஸ்க்கில் எது எங்கே இருக்கிறது என்ற அட்டவணையை மட்டும்தான் அது அழிக்கும். வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் எழுதிய பகுதியின் வளையம் அப்படியே தெரியும்.

திரும்பத் திரும்ப எழுதக்கூடிய இன்னொரு வகை டிஸ்க்கான டிவிடி-ராம் இந்த வேலைக்கு உதவாது. எழுதியதை ட்ரைவே உடனுக்குடன் படித்துப் பார்த்து, கெட்ட இடம் வந்தால் மாற்று இடத்துக்கு நகர்த்திவிடும். டேட்டாவுக்கு அது பெரிய பாதுகாப்புதான், ஆனால் ட்ரைவ் எங்கே தடுமாறுகிறது என்பது நம் கண்ணுக்கே வராது.