கட்டுமரம் விதிவிலக்கா?

உவரிக்காரன்:
‘கேட்ட’ என்று தொடங்கும் ஆங்கிலச் சொற்களெல்லாம் கிரேக்கம், எல்லாவற்றிலும் ‘கீழே’ என்ற பொருள் இருக்கிறது என்று நேற்று ஒரு பாளையங்கோட்டை ஆசிரியர் இங்கே எழுதியிருக்கிறார். அப்படியானால் கேட்டமரான்? அது எங்கள் கட்டுமரம். மிதக்கும் மரத்தில் எது ஐயா கீழே போகிறது?

பாளை ஆசிரியர்:
கேட்டராக்ட் என்றால் கீழே பாயும் அருவி. கேட்டஸ்ட்ரஃபி என்றால் தலைகீழாகக் கவிழும் பேரழிவு. நான் விதியைச் சொன்னேன். கட்டுமரம் விதிவிலக்கு, அவ்வளவுதான்.

தென்காசித் தமிழன்:
கேட்டராக்ட் என்றால் கண்புரை. போன ஆவணியில் என் அம்மாவுக்கு அறுவை சிகிச்சை நடந்தது. எந்த மருத்துவரும் அருவி என்று சொல்லவில்லை.

பாளை ஆசிரியர்:
இரண்டும் ஒரே சொல். கோட்டை வாசலில் மேலிருந்து இறக்கும் கதவுக்கும் அதே பெயர்தான். பார்வையை அடைக்கும் புரைக்கு அங்கிருந்து பெயர் வந்தது என்பார்கள். நம் குற்றாலத்தைப் பார்த்து வளர்ந்தவர் அருவியை மறக்கலாமா?

தென்காசித் தமிழன்:
‘நம்’ குற்றாலமா? 2019-இலேயே தனி மாவட்டமாகிவிட்டோம்.

உவரிக்காரன்:
அருவி கிடக்கட்டும் அண்ணாச்சி. யார் விதிவிலக்கு? என் தாத்தா கரையேறியதும் கயிற்றை அவிழ்த்து, மரங்களைத் தனித்தனியாக மணலில் உலரப் போடுவார். தண்ணீர் குடித்த மரம் மறுநாள் கனக்கும். விடியுமுன் மறுபடி இறுக்கிக் கட்டுவார். கட்டுவதால் கட்டுமரம். சோழமண்டலக் கரையில் வழங்கிய அந்தப் பெயரை வில்லியம் டாம்பியர் 1697-இல் அச்சான தம் பயண நூலில் எழுதிவைத்தார். போன மாதம் ‘மேங்கோ’ போர்த்துக்கீசியச் சொல் என்றவரும் நீங்கள்தான். மாங்காயிலிருந்து வந்தது என்று மூன்று பேர் சொன்னோம். ஒரு வரி பதில் இல்லை.

டவுன்வாசி:
கேட்டர்பில்லரை விட்டுவிட்டீர்களே! கம்பளிப்பூச்சிக்குப் பழைய பிரெஞ்சில் ‘மயிர் அடர்ந்த பூனை’ என்று பொருள். அது போகட்டும். இன்றைய ஆங்கிலத்தில் கேட்டமரான் என்பது இரட்டை உடல் கொண்ட படகு. உவரியில் கிடப்பது அதுவா? பெயர்தான் உங்களுடையது, பொருள் அவர்களுடையது.

உவரிக்காரன்:
பெயரை எடுத்துக்கொண்டு பொருளை மாற்றியவர்கள் அவர்கள். அதற்கு நாங்கள் விதிவிலக்கா? அந்தச் சொல்லைத் திரும்பப் பெறுங்கள்.

பாளை ஆசிரியர்:
மாட்டேன். விதிவிலக்கு என்பது இலக்கணச் சொல், வசவு அல்ல.

உவரிக்காரன்:
கடலில் கால் நனைக்காதவருக்கு அது இலக்கணம். எனக்கு வசவுதான். திரும்பப் பெறும்வரை நாளையும் இதையே எழுதுவேன்.

தென்காசித் தமிழன்:
குற்றாலம் பற்றிக் கேட்டதற்கு இன்னும் பதில் வரவில்லை.