முடக்குவாதத்தோடு வேலை மாறலாமா? கிண்டியா, சிறுசேரியா?

மாம்பலம் மாடிப்படி:
வயது 37. கிண்டியில் ஒரு கம்பெனியில் கணக்குப் பிரிவு. நாலு வருஷம் ஐந்து மாதம் ஆகிறது. சம்பளம் 52,000. சிறுசேரியிலிருந்து 68,000-க்கு ஆஃபர் வந்திருக்கிறது. பத்து நாளில் பதில் சொல்ல வேண்டும்.

எனக்கு மூன்று வருஷமாக முடக்குவாதம், அதாவது ருமட்டாய்டு. காலையில் எழுந்தால் விரல்கள் மடங்காது. வெந்நீரில் கையை வைத்து எடுத்து, ஒன்றரை மணி நேரம் போனால்தான் பேஸ்ட் மூடியைத் திருக முடியும். மதியம் டிபன் பாக்ஸைப் பக்கத்து சீட் பெண்ணிடம் நீட்டுவேன், அவள் பேச்சை நிறுத்தாமலே திறந்து கொடுப்பாள். மெத்தோட்ரெக்சேட் மருந்து வாரம் ஒரு முறை, சனி ராத்திரி. ஞாயிறு முழுக்கக் குமட்டலிலேயே போய்விடும்.

இங்கே மேனேஜர் ‘பத்தரைக்கு வாங்கம்மா, வேலை முடிஞ்சா போதும்’ என்று சொல்லிவிட்டார். மாம்பலத்தில் ரயில் ஏறினால் இரண்டாவது ஸ்டேஷன். வீட்டில் ‘இந்த உடம்பை வைத்துக்கொண்டு இதெல்லாம் தேவையா’ என்கிறார்கள். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

பழைய கணக்குப்பிள்ளை:
போகாதீர்கள் அம்மா. நானும் 31 வருஷம் கணக்கு எழுதியவன்தான். முதலில் கிராஜுவிட்டியைப் பாருங்கள், ஐந்து வருஷம் முடித்து வேலையை விட்டால் கம்பெனி தருகிற பணிக்கொடை. ஐந்து வருஷம் முடிய இன்னும் ஏழு மாதம்தான். பேசிக் 26,000 என்று வைத்துக்கொண்டால் 26-ஆல் வகுத்து 15-ஆல் பெருக்க, வருஷத்துக்கு 15,000. ஐந்து வருஷத்துக்கு 75,000. அதை எதற்கு விட்டுக்கொடுக்க வேண்டும்?

அதைவிடப் பெரியது ப்ரொபேஷன், புதிதாகச் சேர்ந்தவரை நிரந்தரமாக்குவதற்கு முன் சோதித்துப் பார்க்கிற காலம். பெரும்பாலும் ஆறு மாதம் போடுவார்கள். அந்த நேரத்தில் மூட்டு வீங்கிப் பத்து நாள் படுத்தால் உங்களுக்காகப் பேச அங்கே யார் இருக்கிறார்கள்? எங்கள் செக்ஷனில் ஒரு பையன் சேர்ந்தான், கிட்னி கோளாறு. நாலாவது மாதம் ஒரு கவரைக் கையில் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். லிஃப்ட் வரை கூடப் போனது நான்தான்.

நாவலூர்க்காரன்:
ஐயா, கிராஜுவிட்டிக்காக ஒருவர் வாழ்க்கையை நிறுத்தி வைக்க வேண்டாம். ஐந்தாவது வருஷத்தில் 240 நாள் வேலை செய்திருந்தாலே போதும் என்று மேட்டூர் பியர்ட்செல் வழக்கில் 1998-இலேயே சென்னை உயர் நீதிமன்றம் சொல்லிவிட்டது. மேடத்துக்கு நோட்டீஸ் மூன்று மாதம் என்றால் அதைக் கிட்டத்தட்டத் தொட்டுவிடுவார்.

எனக்கு உறுத்துவது வேறு. ‘பத்தரைக்கு வாங்கம்மா’ என்பது எந்தத் தாளில் இருக்கிறது? ஒரு மனிதர் வாயால் சொன்னது. அவர் மாறினால் மறுநாளே ஒன்பது மணி பஞ்ச்.

பழைய கணக்குப்பிள்ளை:
தீர்ப்பு இருக்கிறது, சரி. கம்பெனி அதைப் படித்துவிட்டுத் தானாக செக் எழுதுமா? லேபர் ஆபீஸ் படி ஏறி இறங்க வேண்டும். மூட்டு வலிக்காரரைப் படி ஏறச் சொல்கிறீர்கள்.

மருந்துச்சீட்டு:
இரண்டு பேரும் இன்சூரன்ஸை மறந்துவிட்டீர்கள். எந்தப் பக்கம் போனாலும் இதைப் பார்த்துவிட்டுப் போங்கள்.

கம்பெனி குரூப் பாலிசி என்றால் பழைய வியாதிக்கும் பெரும்பாலும் முதல் நாளிலிருந்தே கவர் உண்டு. ஆனால் வேலையை விட்டால் அந்தக் கவரும் போகும். சொந்தமாகப் புதிதாகப் பாலிசி எடுத்தால், ஏற்கெனவே உள்ள வியாதிக்குக் காத்திருக்க வேண்டும். முன்பு நாலு வருஷம் வரை வைத்திருந்தார்கள். 2024 ஏப்ரலிலிருந்து மூன்று வருஷத்துக்கு மேல் வைக்கக் கூடாது என்று இன்சூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ சொல்லிவிட்டது. அந்த மூன்று வருஷமும் கம்பெனியை நம்பித்தான் இருக்க வேண்டும், அதனால் அந்தக் கடிகாரத்தை இன்றைக்கே ஓட விடுங்கள். தனிநபர் பாலிசிக்கு இருந்த 18 சதவீத ஜிஎஸ்டியும் 2025 செப்டம்பர் 22 முதல் இல்லை. விண்ணப்பத்தில் முடக்குவாதத்தை மட்டும் மறைக்காதீர்கள். மறைத்தால் க்ளெய்ம் நாளில் அதுதான் முதலில் வெளியே வரும்.

ரிசைன் செய்வதற்கு முன், இப்போதைய குரூப் பாலிசியிலிருந்து அதே நிறுவனத்தின் தனிப் பாலிசிக்கு மாற முடியுமா என்றும் கேளுங்கள். மாறினால் இதுவரை இருந்த காலத்தைக் கழித்துக்கொள்வார்கள்.

இன்னொன்று. நாளைக்கு டாக்டர் பயாலஜிக் ஊசிக்கு மாற்றினால், அதில் சிலது வீட்டு ஃப்ரிட்ஜில் வைத்து நாமே குத்திக்கொள்வது. ஆஸ்பத்திரியில் சேராததால் பல பாலிசிகள் அதற்குத் தராது. புது கம்பெனியில் ஓபிடி கவர், அதாவது ஆஸ்பத்திரியில் சேராமல் பார்க்கிற வைத்தியத்துக்கான கவர், இருக்கிறதா என்று கேளுங்கள். 16,000 கூடுதல் அங்கேதான் கரையும்.

மாம்பலம் மாடிப்படி:
எல்லோருக்கும் நன்றி. ஒன்றை முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். எங்கள் மேனேஜர் மார்ச்சில் ரிட்டயர் ஆகிறார். வரப்போகிறவர் யார் என்று இன்னும் தெரியாது.

நாவலூர்க்காரன்:
இதைத்தானே சொன்னேன்!

பழைய கணக்குப்பிள்ளை:
அவசரப்படாதீர்கள் தம்பி. வரப்போகிறவர் கெட்டவர் என்று யார் சொன்னது? கிண்டியில் நாலு வருஷம் பார்த்த முகங்கள் இருக்கின்றன. சிறுசேரியில் எல்லாமே புதுசு. மேனேஜர் போவதற்குள் பத்தரை மணியை ஹெச்ஆருக்கு ஒரு மெயிலில் போடச் சொல்லுங்கள். அது வந்தால் இருங்கள்.

சர்க்கரை 400:
நான் டைப் 1. 14 வயதிலிருந்து இன்சுலின். மூன்று முறை வேலை மாறியிருக்கிறேன், அதில் ஒன்று தப்பான முடிவு. சம்பளம் நல்ல சம்பளம்தான். மீட்டிங் நடுவில் லோ சுகர் வந்து பாக்கெட்டிலிருந்த கடலை மிட்டாயைக் கடித்தேன், ஒரு மாதிரி பார்த்தார்கள். அப்புறம் மீட்டிங்குக்கு முன்பே சாப்பிட்டு சுகரை ஏற்றி வைத்துக்கொள்ள ஆரம்பித்தேன். ஒரு வருஷத்தில் மூன்று மாதச் சராசரி கன்னாபின்னாவென்று ஏறிவிட்டது. அடுத்த இடத்தில் ஆஃபர் லெட்டர் கைக்கு வந்ததும், சேருவதற்கு முன்பே சொல்லிவிட்டேன். ‘சரி’ என்றார்கள், அவ்வளவுதான். சொல்லிவிட்டுப் போங்கள்.

பழைய கணக்குப்பிள்ளை:
சொன்னால் ஆஃபரே காணாமல் போகும். உங்களுக்கு அதிர்ஷ்டம்.

சர்க்கரை 400:
காணாமல் போனால் அது ப்ரொபேஷனில் போகாமல் இப்போதே போனது என்று வைத்துக்கொள்ளலாமே, ஐயா. கிண்டி வேலை கையில் இருக்கும்போது.

தரமணி நிழல்:
எல்லோரும் பஸ்ஸை மறந்துவிட்டீர்கள். சிறுசேரிக்குப் போகிற ஓஎம்ஆர் சாலையில், மெட்ரோ வேலை நடக்கிற நெரிசலில், வீங்கிய விரலால் மேல் கம்பியைப் பிடித்துக்கொண்டு சோழிங்கநல்லூர் சிக்னலில் நின்றிருக்கிறீர்களா? எனக்குக் கை நன்றாக இருந்தும் முடியவில்லை.

மாம்பலம் மாடிப்படி:
தரமணி நிழல் சொன்னதற்காகவே மூன்று நாள் போய்ப் பார்த்தேன். பாதி நாள் லீவு போட்டுக்கொண்டு, தி.நகரில் பஸ் ஏறி, அவர்களுடைய ஒன்பதரை லாகினுக்குச் சரியாக.

திங்கள் உட்கார இடம் கிடைத்தது, பிரச்சினையே இல்லை. செவ்வாய் மத்திய கைலாஷிலிருந்து நாவலூர் வரை நின்றேன். கம்பியைப் பிடிக்க முடியாமல் முழங்கையை மடக்கி அதில் மாட்டிக்கொண்டேன், கண்டக்டர் ‘பாத்துமா’ என்றார். புதன் பெருங்குடியிலேயே இறங்கிவிட்டேன். இறங்கி ஒரு டீக்கடையில் கண்ணாடி டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன்.

அங்கிருந்தே சிறுசேரி ஹெச்ஆருக்குப் போன் போட்டு வியாதியைச் சொல்லிவிட்டேன். லாகின் பதினொன்று, வாரத்தில் இரண்டு நாள் வீட்டிலிருந்து, இரண்டையும் ஆஃபர் லெட்டரிலேயே எழுதித் தர முடியுமா என்று கேட்டேன். ‘ஜாயின் பண்ணிட்டு மேனேஜர்கிட்ட பேசிக்கலாம் மேடம்’ என்றார். எழுத்தில்தான் வேண்டும் என்றேன். வெள்ளிக்கிழமை சொல்கிறேன் என்றிருக்கிறார்.

இங்கேயும் பத்தரை மணிக்காக மெயில் போட்டுவிட்டேன், மேனேஜரை காப்பியில் வைத்து. அவர் ஐந்து நிமிடத்தில் ‘அப்ரூவ்ட்’ என்று பதில் போட்டார். ஹெச்ஆரிடமிருந்து இன்னும் ஒன்றும் வரவில்லை.

நாவலூர்க்காரன்:
அப்போ இரண்டு இடத்திலும் ஒரே கேள்விதான் நிற்கிறது. எழுதித் தருகிற இடத்துக்குப் போங்கள் மேடம்.

பழைய கணக்குப்பிள்ளை:
இதில் மட்டும் தம்பியோடு ஒத்துப்போகிறேன். கிண்டி முதலில் எழுதித் தரும் என்று நினைக்கிறேன். இல்லையென்றால் வெள்ளிக்கிழமை என்னைத் திட்டுங்கள்.

மருந்துச்சீட்டு:
வெள்ளி வரை காத்திருக்காமல் அந்தத் தனிப் பாலிசிக்கு இன்றே விண்ணப்பம் போடுங்கள்.