புதுப்பிப்பு: 100 லீற்றர் கடல்நீர்த் தொட்டி, அமோனியா இறங்கிய பிறகு

முந்தைய பதிவு, உப்புக் கலந்து பற்றீரியா வளர விட்டதோடு நின்றது. இப்போது மீனுக்கு நஞ்சான அமோனியாவும் நைத்திரைற்றும் பூச்சியம், பற்றீரியா அவற்றை மாற்றியதால் வரும், நஞ்சு குறைந்த நைத்திரேற்று மட்டும் தெரிகிறது. இனி மீன் விடலாம், ஆனால் முதலில் ஒன்றே ஒன்று.

வன்னி வெயிலில் பெரிய தொல்லை ஆவியாதல்தான். நீர் போகும், உப்புத் தங்கும், அடர்த்தி கடல்நீருக்குரிய 1.025 ஐத் தாண்டி ஏறும். ஆவியாகிக் குறைந்த அளவுக்கு உப்பில்லாத நல்ல தண்ணியே விடவேண்டும், உப்புத் தண்ணி விடவே கூடாது. தோட்டக் கிணற்றுத் தண்ணியும் வேண்டாம்: உரத்தின் நைத்திரேற்று இறங்கியிருந்தால் பாசி பிடித்துவிடும். ஆர்ஓ தண்ணி (சவ்வு வடிகட்டியில் உப்பு நீக்கியது) நல்லது.

முல்லைத்தீவுக் கடல்நீர் எடுக்கலாமா என்று கேட்டவர்களுக்கு: மாரியில், நந்திக்கடல் களப்பு கடலோடு சேரும் வட்டுவாகல் பக்கம் எடுக்காதீர்கள். களப்பு வெள்ளம் கலந்து உப்புக் குறைந்திருக்கும், கலங்கலும் கூட.

கரண்ட் போனால் பற்றரிக் காற்றுப்பம்பு அவசியம். 30 பாகைக்கு மேல் நீரில் ஒட்சிசன் கெதியாகக் குறையும்.