1971 போரில் இறந்த பெரியப்பா – விவரம் தெரிஞ்சவங்க உதவுங்க

டெல்லித் தமிழ் உறவுகளுக்கு வணக்கம். ஆர்.கே.புரத்துல இருக்கோம். அப்பாவோட அண்ணன் விமானப்படையில ஃபிளையிங் ஆபீசர். 1971 டிசம்பர் போர் சமயத்துல விமானம் தரையிறங்கும்போது விபத்தாகி இறந்துட்டார். எதிரி சுட்டு இல்லை. அதனாலயோ என்னவோ, வீட்ல யாரும் அதிகம் பேசினதில்லை. கையில இருக்கிறது ஒரு போட்டோ, ஒரு தந்தி. தந்தியில மடிப்பு விழுந்த இடத்துல ஸ்குவாட்ரன் (விமானப்படைப் பிரிவு) எண் அழிஞ்சுபோச்சு.

இந்தியா கேட் பக்கத்துல தேசியப் போர் நினைவிடத்தில், தியாகச் சக்கரத்து கிரானைட் கற்கள்ல 25,000-க்கும் மேல பெயர்கள் இருக்கு. போர்க்கால விபத்துல போனவங்க பெயரையும் அதுல பொறிச்சிருக்காங்களா? விபத்து விசாரணை அறிக்கையை ஆர்.டி.ஐ. போட்டா தருவாங்களா? விமானப்படையில இருந்து ஓய்வுபெற்ற அண்ணன்மார் யாராவது இருந்தா வழி சொல்லுங்க. அப்பாவுக்கு முழங்கால் வலி. நினைவிடத்துக்கு உள்ளே வீல்சேர் கிடைக்குமான்னும் சொன்னா நல்லது.