மாலை வகுப்புக்கு சி.எஸ்.ஆர். நிதி: 5% வரம்பில் ஆசிரியர் சம்பளம் வருமா?

கேள்வி:
திருவள்ளூர் பக்கம் செங்கல் சூளைத் தொழிலாளர் பிள்ளைகள் 40 பேருக்கு மாலை வகுப்பு நடத்துகிறோம். அறக்கட்டளைக்கு 12ஏ (வருமான வரி விலக்குப் பதிவு), 80ஜி (நன்கொடை தருபவருக்கு வரிச் சலுகை) இருக்கிறது. கம்பெனிகள் சமூகப் பணிக்குத் தரும் சி.எஸ்.ஆர். நிதியைக் கேட்க வேறென்ன வேண்டும்? நிர்வாகச் செலவு 5 சதவீதம்தானாமே, ஆசிரியர் சம்பளத்தை எங்கே காட்டுவது?

பதில் 1:
முதல்ல சி.எஸ்.ஆர்-1 படிவம், அதாவது இந்த நிதியில் வேலை செய்யும் அமைப்பாகப் பதிவு செய்யும் படிவம். 2021 ஏப்ரல் 1 முதல் கட்டாயம். எம்.சி.ஏ. (மத்திய கம்பெனி விவகார அமைச்சகம்) தளத்தில், அறங்காவலரின் டிஜிட்டல் கையொப்பத்தோடு, ஆடிட்டர் சான்றளித்துத் தாக்கல் பண்ணணும். பான் அட்டையிலும் அறக்கட்டளைப் பத்திரத்திலும் பெயர் ஒரே மாதிரி இருக்கான்னு அதுக்கு முன்னாடியே பாருங்க. இதே வேலையில் 3 ஆண்டு அனுபவமும் விதியில் கேட்கிறாங்க. தணிக்கை அறிக்கை, வருகைப் பதிவேடு கையில் இருக்கட்டும்.

பதில் 2:
அந்த 5 சதவீதம் கம்பெனியோட சொந்த நிர்வாகச் செலவுக்கான வரம்பு. வகுப்பெடுக்கும் ஆசிரியர் சம்பளம் திட்டச் செலவுதான். 'ஊதியம்' என்று மொத்தமா ஒரே வரி போடாதீங்க, அங்கேதான் கேள்வி கிளம்பும். '2 ஆசிரியர் × 7 மாதம் × ரூ.8,000 = ரூ.1,12,000' என்று விரிச்சு எழுதுங்க.

ஏன் 7 மாதம்? சூளை ஓடுவது பெரும்பாலும் டிசம்பரிலிருந்து ஜூன் வரை. மழைக்கு முன்னாடி குடும்பங்கள் ஊர் திரும்பிடும். 12 மாதமும் 40 பிள்ளைகள்னு எழுதினா, ஆகஸ்டில் பார்க்க வருபவர் காலிக் கொட்டகையைத்தான் பார்ப்பார். அடுத்த தவணை நின்னுடும், பாதிக்கப்படுவது பிள்ளைகள்.

பதில் 3:
வெளிநாட்டு நன்கொடையை இதில் சேர்க்காதீங்க. எஃப்.சி.ஆர்.ஏ. (வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம்) அனுமதி இல்லாம ஒரு ரூபாய்கூட வாங்கக் கூடாது.