மறு: ஏர் ஃபில்டர் – காற்று வடிகட்டியா, காற்றரியா?

அன்புள்ள நண்பர்களே,

வண்டி எஞ்சினுக்குள் போகும் காற்றில் தூசியை நிறுத்தும் ஏர் ஃபில்டருக்குத் தமிழில் என்ன சொல் என்ற இந்த இழையை மூன்று நாளாகப் படித்துவருகிறேன். 'காற்று வடிகட்டி' என்பதே இருக்கட்டும் என்று பலரும் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அதில் ஒரு மனக்குறை இருக்கிறது.

> வடிகட்டி என்றால் எல்லாருக்கும் புரிகிறதே, புதிதாக ஒன்று எதற்கு?

புரிகிறதுதான். ஆனால் எப்படிப் புரிகிறது? வடித்தல் நீர்ப்பொருளுக்கு உரிய வினை. கஞ்சி வடிக்கிறோம், டீ வடிகட்டுகிறோம். சக்கை மேலே தங்கும், நீர் கீழே இறங்கும். வேலை முடிந்ததும் வடிகட்டியைக் குழாயடியில் காட்டி உதறி வைத்துவிடுவோம். அந்தச் சொல்லைக் கேட்டால் கை அந்தப் பழக்கத்துக்குத்தான் போகிறது.

போன மாதம் அதுதான் நடந்தது. என் பைக்குக்கு நானே தமிழாக்கி வைத்திருந்த பராமரிப்புக் குறிப்பில் 'காற்று வடிகட்டியைச் சுத்தம் செய்க' என்று ஒரு வரி. தங்கை மகன் அதைப் படித்துவிட்டு, வடிகட்டிக்குள் மடிப்பு மடிப்பாக இருக்கும் தாளைச் சோப்புத் தண்ணீரில் அலசி மொட்டை மாடியில் காயப்போட்டுவிட்டான். தாள் ஊறி, மடிப்புகள் ஒன்றோடொன்று ஒட்டி, ஓரத்தில் பசையும் விட்டுப்போயிருந்தது. பாளையங்கோட்டையில் நான் வழக்கமாக வண்டி விடும் பட்டறைக்கு எடுத்துப்போனேன். மெக்கானிக் கையில் வாங்கிப் பார்த்ததும், "இது களுவுற அயிட்டம் இல்ல அண்ணாச்சி, மாத்துற அயிட்டம்" என்றார். அந்த வேறுபாடு என் வரியில் இல்லை. பையனைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

பக்கத்தில் நின்ற இன்னொரு வண்டியின் ஏர் ஃபில்டர் பெட்டியைத் திறந்து காட்டினார். கல்குவாரிச் சாலையில் தினமும் ஓடுகிற வண்டி. மடிப்புகளின் இடுக்கில் விபூதி போல வெளிர்சாம்பல் தூசி, நடுவில் ஒரு குளவியின் இறகு. பக்கவாட்டை உள்ளங்கையில் மெதுவாகத் தட்டினார். பிறகு காற்று உள்ளே போகும் திசைக்கு எதிர்த்திசையில், குழாயைச் சற்றுத் தள்ளிப் பிடித்து, அழுத்தத்தைக் குறைத்து ஏர் அடித்தார். கிட்டப் பிடித்து வேகமாக அடித்தால் தாளில் கண்ணுக்குத் தெரியாத ஓட்டை விழுமாம். கடைசியில் ஃபோன் டார்ச்சை உட்புறம் வைத்துப் பார்த்தார். இரண்டு மடிப்பில் மட்டும்தான் வெளிச்சம் கசிந்தது. "மூச்சு முட்டிப்போச்சு, மாத்திருவோம்" என்று புதியதை எடுத்தார். போடும் முன் பெட்டியின் உட்பக்கத்தை ஈரத்துணியால் துடைத்தார். ரப்பர் விளிம்பு முழுவதும் சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று விரலை ஓட்டிப் பார்த்தார்.

இவ்வளவு அக்கறைக்குக் காரணம் இருக்கிறது. பெட்ரோல் முழுமையாக எரிய எடையில் அதைப்போல் 14.7 மடங்கு காற்று வேண்டும். கணக்குப் போட்டுப் பாருங்கள், ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு ஏறத்தாழ 9000 லிட்டர் காற்று! தூசியில் இருக்கும் மணல்துகள் உள்ளே போனால் பிஸ்டன் ரிங்கையும் சிலிண்டர் சுவரையும் கீறிவிடும். அப்புறம் ஆயில் எரிந்து புகை கக்கும்.

சொல்லுக்கு வருகிறேன். என் முன்மொழிவு: காற்றரி.

நன்னூலில் மாணாக்கர்க்குச் சொல்லும் உவமைகளில் கடைசியாக வருவது நெய்யரி. நெய்யை ஒழுகவிட்டுக் கசடைத் தன்னிடம் நிறுத்திக்கொள்வது. மாணாக்கனுக்கு ஆகாத குணம், ஆனால் வண்டியின் இந்த உறுப்புக்கு அதுதானே வேலை? நெய்யரி இருந்த இடத்தில் காற்றரி இயல்பாக உட்காருகிறது. அரித்தல் ஈரத்துக்கு மட்டும் உரியதும் அல்ல. அரிசியில் கல் அரிப்பது தண்ணீரில்தான், ஆனால் மண்ணை உலர்வாகவே அரிக்கிறோம். எங்கள் நெல்லைப் பக்கம் சல்லடைக்கு அரிப்பு என்றே பெயர். இலங்கைத் தமிழர் வீடுகளில் மா அரிப்பது அரிதட்டில். வடி என்ற வினைக்கு இந்த அகலம் இல்லை.

> அரி என்றால் அரிமானம், துரு நினைவுக்கு வருமே?

நியாயமான கேள்வி. தனியே நிற்கும்போது வரும். 'காற்று' முன்னால் நிற்கும்போது எனக்கு வரவில்லை. உங்களுக்கு வந்தால் எழுதுங்கள், இந்த இடத்தில் நான் பிடிவாதம் பிடிக்கமாட்டேன்.

பிடிவாதம் பிடிக்கப்போவது வேறோர் இடத்தில். உள்ளே இருக்கும் தாளுக்கும் அதை மூடியிருக்கும் பெட்டிக்கும் ஒரே சொல்லைப் போடக் கூடாது. 'காற்று வடிகட்டியைத் திறந்து காற்று வடிகட்டியை வெளியே எடுக்கவும்' என்ற வரியை நானே எழுதியிருக்கிறேன். உள்ளிருப்பது காற்றரி, பெட்டி காற்றரிக் கூடு என்று பிரித்துவிடலாம்.

அடுத்து, வகை. உலர்ந்த தாள் என்றால் தட்டலாம், மெல்ல ஊதலாம், தண்ணீர் படக் கூடாது. எண்ணெய் தோய்ந்த தாளை ஊதவும் கூடாது, கையேடு சொல்லும் கிலோமீட்டரில் மாற்றவேண்டியதுதான். இந்த மூன்று வகையில், பட்டறையில் ஸ்பாஞ்சு என்கிற நுரைப்பஞ்சை மட்டுமே கழுவலாம். மண்ணெண்ணெயில் அலசி, முறுக்காமல் பிழிந்து, நிழலில் உலர்த்தி, கையேடு சொல்லும் எண்ணெயில் தோய்த்து, மிச்சத்தைப் பிழிந்துவிட்டுப் போடவேண்டும். பெட்ரோலில் கழுவுவது ஆபத்து, தீப்பிடிக்கும். இவற்றுக்குத் தாளரி, தோய்தாளரி, பஞ்சரி என்று வைக்கலாமா? பஞ்சரி எனக்குப் பிடித்திருக்கிறது. தோய்தாளரி நாக்கில் புரளவில்லை, 'எண்ணெய்த் தாளரி' மேலாக இருக்கும்.

'ஏர் அடித்தல்' அப்படியே இருக்கட்டும். பட்டறையில் உயிரோடு இருக்கும் சொல் அது, அதைத் தொட எனக்கு விருப்பமில்லை.

என் குறிப்பின் வரியை இப்படி மாற்றியிருக்கிறேன்: 'காற்றரிக் கூட்டைத் திறந்து காற்றரியை வெளியே எடுக்கவும். தாளரி என்றால் தட்டி ஏர் அடிக்கவும், கழுவ வேண்டாம். எண்ணெய்த் தாளரி என்றால் ஏர் அடிக்காமல் மாற்றவும். பஞ்சரி என்றால் மண்ணெண்ணெயில் கழுவி, எண்ணெய் தோய்த்துப் பிழிந்து போடவும்.' தங்கை மகனிடம் படிக்கக் கொடுத்தேன். கூடு எது, அரி எது என்று வண்டியில் சரியாகத் தொட்டுக் காட்டினான். எண்ணெய்த் தாளரியையும் தாளரியையும் கண்ணால் பார்த்து எப்படிப் பிரிப்பது என்று கேட்டான். அதற்கு ஒரு வரி சேர்க்கவேண்டும். தொட்டால் விரலில் பிசுபிசுப்பு ஒட்டும் என்று எழுதலாமா, வேறு நல்ல அடையாளம் இருக்கிறதா? பட்டறை அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.